கதிர் படாத வயிறு

நேற்று அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால், இந்நேரம் என்ன ஏதென்று பார்த்து முடித்திருப்பார்களே.

சேலம் ஆஸ்பத்திரி பெஞ்சில் வலது அடிவயிற்றைப் பிடித்தபடி சுருண்டிருந்தாள் கிருஷ்ணம்மாள். மகனுக்கு இரண்டாந்தாரமாகக் குப்பனூரில் பெண் பார்த்துவிட்டு வந்த மாமியாரிடம், "எனக்குத் தள்ளிப் போயிருக்குங்க அத்தை" என்று நேற்று சொல்லிவைத்திருந்தாள். அந்தப் பேச்சு நின்றது. விடிந்ததும் வலி வந்தது.

ஏற்காட்டில் எடுத்த அல்ட்ராசவுண்டில் குடல்வால் தெரியவில்லை. வாயு மறைக்கிறதாம். சிடி ஸ்கேனில் பளிச்சென்று தெரியும் என்று கீழே அனுப்பிவிட்டார்கள்.

சிடி அறை வாசலில் நர்ஸ் புவனா கேட்டாள். "கர்ப்பமா இருக்கீங்களா?"

"ஆமாங்க சாமி," என்று மாமியார் முந்திக்கொண்டாள். "நொம்ப வருசங் கழிச்சு இப்பத்தான் நின்னிருக்கு."

"அப்ப யோசிக்கணுங்க. கதிர் குழந்தைக்கு ஆகாது. சிறுநீர் டெஸ்ட் பாத்துரலாம்."

மாமியார் கழிப்பறை வாசல் வரை காவல் வந்தாள். உள்ளே நிறைமாதக்காரி ஒருத்தி டப்பாவும் கையுமாக நின்றாள்.

"அக்கா, அதுல எனக்குக் கொஞ்சம் ஊத்துங்களே."

அவள் மேலும் கீழும் பார்த்தாள். "ஏனுங்க, இதையுமா இரவல் கேப்பாங்க?" என்றாலும் ஊற்றினாள்.

கர்ப்பம் உறுதியானது. வராண்டா முழுக்கச் சொல்லி முடித்தாள் மாமியார்.

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "எம்ஆர்ஐல கதிர் கிடையாது. ஆனா மெஷின் சாயங்காலந்தான் காலியாகும். அதுக்குள்ள குடல்வால் வெடிச்சா ஆபத்து. சிடியே எடுத்துரலாம்."

கிருஷ்ணம்மாளுக்கு மூச்சு வந்தது. அதுவரை வாய் திறக்காத புருஷன் குழந்தைவேல் எழுந்து டாக்டர் பின்னால் போனான். திரும்பி வந்து, "எம்ஆர்ஐக்கே காத்திருக்கலாம்" என்றான்.

இவருக்கும் பிள்ளைதான் பெரிது, நான் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள்.

எம்ஆர்ஐ முடிந்து ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது புவனா குனிந்தாள். "குடல்வால் வீங்கியிருக்கு, வெடிக்கல. ஆனா கர்ப்பப்பையில ஒண்ணுமே இல்லைங்களே அக்கா."

"பொய்தாங்க. வேற பொண்ணு பாத்தாங்க."

புவனா வண்டியை நிறுத்தினாள். "உங்க ஊட்டுக்காரரு டாக்டர்கிட்டப் பேசுனப்ப நானும் இருந்தேன். 'எனக்குக் குழந்தை பொறக்காதுன்னு டெஸ்ட்ல எப்பவோ சொல்லிட்டாங்க, அவகிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. யாரு குழந்தையா இருந்தாலும் இருக்கட்டும், அவ ஆசைப்பட்டது, கதிர் மட்டும் பட வேண்டாங்க'ன்னு அழுதாரு."

விளக்குகள் மங்கித் தெரிந்தன.

"குறை உங்க ஊட்டுக்காரருக்குத்தான்னு உங்க மாமியாரைக் கூப்பிட்டுச் சொல்லிரட்டுங்களா? இனி உங்க மேல பழி நிக்காது."

கிருஷ்ணம்மாள் கண்களை மூடிக்கொண்டாள்.

"வேண்டாங்க."