மஞ்சள் தடவிய விண்ணப்பம்

கிளார்க் வேலை வேண்டும் என்று ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவன் நான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். அருப்புக்கோட்டைக்கு அவர் போஸ்டர், எனக்குப் போஸ்டர் அண்ணன்.

எண்பதுகளின் நடுவில் ஓர் உரக்கடை மாடியில் குடியிருந்தோம். இருவரும் பி.காம். எங்கள் பக்கத்தில் மழை பெய்கிறதோ இல்லையோ, பி.காம். மட்டும் வருஷா வருஷம் அமோகமாக விளையும். எந்த ஆபீஸில் ஒரு நாற்காலி காலி என்றாலும் திருச்சுழி பஸ்ஸில் கூரை மேலெல்லாம் பட்டதாரிகள் உட்கார்ந்து வருவார்கள்.

அண்ணனுக்கு அவசரம் அதிகம். திருச்சுழியில் அவருடைய மாமன் மகள் இருந்தாள். மாமா கறாராகச் சொல்லிவிட்டார்: "தைக்குள்ள சம்பளக்காரனா வா, பொண்ணத் தாரேன். இல்லாட்டி மானாமதுரை வாத்தியாருக்குத்தான்." அந்த வாத்தியாரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. தெருவில் எந்த மோட்டார் சைக்கிள் போனாலும் அண்ணன் சாப்பாட்டை வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடுவார்.

"தம்பி, அம்புட்டுப் பேரும் பி.காம்., அம்புட்டுப் பேரும் வெள்ளச் சட்டை. மேனேஜருக்கு யாரு மொகம் ஞாபகம் இருக்கும்? நம்ம தனியாத் தெரியணும்யா" என்பார்.

தனியாகத் தெரிவதற்கு முதலில் அவர் செய்தது இது. ஊருக்கு வெளியே இருந்த ஒரு நூல் மில்லில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, விண்ணப்பத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு அதை வைத்து, மேனேஜர் வீட்டுக்கே எடுத்துப் போனார்.

"குடும்பத்தோட இருந்து என்னைய வேலைக்கு எடுக்கணும்" என்று கும்பிட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

மேனேஜர் வீட்டில் பழத்தைச் சாப்பிட்டார்கள். விண்ணப்பத்தைப் பிரிக்காமலே சாமி மாடத்தில் வைத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து அண்ணன் தயங்கித் தயங்கி விசாரிக்கப் போனபோது, மேனேஜர் அன்பாகக் கேட்டிருக்கிறார்: "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சதா?"

வேறு யாராவது என்றால் ஒரு வாரம் வெளியே தலைகாட்டியிருக்க மாட்டார்கள். அண்ணன் நேரே அச்சகத்துக்குப் போனார். கட்சிக்காரர்கள் ஒட்டுகிறார்கள், கல்யாணத்துக்கு ஒட்டுகிறார்கள், படித்தவன் ஒட்டினால் என்ன என்பது அவர் வாதம். பெரிதாகத் தன் படத்தைப் போட்டு, கீழே 'பி.காம்., டைப்ரைட்டிங் ஹையர்' என்று அச்சடிக்கச் சொன்னார். அச்சகத்தில் அன்று சும்மா கிடந்தது கறுப்புப் பட்டை போட்ட பார்டர் ஒன்றுதான். "எடுப்பா இருக்கும்ணே" என்று அச்சகத்துக்காரர் சொல்ல, இவரும் தலையாட்டிவிட்டார். அன்று ராத்திரியே ஊர் முழுக்க, திருச்சுழி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டியாயிற்று.

கறுப்புப் பட்டைக்குள் சிரித்த முகத்தோடு ஒரு மனிதனைச் சுவரில் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும்? மறுநாள் காலை உரக்கடை வாசலில் மாலையோடு ஆட்கள். டீக்கடைக்காரர் கடையைப் பாதி சாத்தினார். திருச்சுழியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய அத்தை, அதாவது அந்த மாமன் மகளின் அம்மா, தெருமுனையிலேயே தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்.

"பென்சிலு கடன் கேட்டா பேனாவே தந்தவனே,
கணக்குல நூறு வாங்கிக் கர்வமே இல்லாதவனே..."

அண்ணன் பதறிப் படியிறங்கி ஓடினார். "அத்த, அழாதீக! நான் நல்லாத்தான் இருக்கேன்!"

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். உயிரோடு இருப்பது உறுதியானதும், "இருய்யா, எடுத்த பாட்ட நடுவுல விடக்கூடாது" என்று முழுசாக முடித்துவிட்டுத்தான் மூக்கைச் சிந்தினார்.

அண்ணன் அசந்து நின்றார். இருபத்தாறு வருஷத்தில் தன்னைப் பற்றி யாரும் இவ்வளவு நல்லதாகச் சொல்லி அவர் கேட்டதில்லை. தானே எழுதிய விண்ணப்பத்தில்கூட அதில் கால்வாசி இல்லை.

அந்த மாதமே அதே நூல் மில்லில் இன்டர்வியூ வந்தது. நானும் போயிருந்தேன். வாசலில் ஏகப்பட்ட கூட்டம், தள்ளுமுள்ளு. அண்ணன் அத்தையோடு வந்து இறங்கினார். உள்ளே மேனேஜர், "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார்.

"நானே சொன்னா தற்பெருமையா இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கதவைத் திறந்தார். "அத்த, வாங்க."

அத்தை தரையில் உட்கார்ந்து முந்தானையை உதறி ஆரம்பித்தார். டைப்பிஸ்ட் விசும்பினார். மேனேஜர் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்பம்மா தவறினாரு?" என்றார்.

பக்கத்தில் நின்ற அண்ணன் பணிவாகச் சொன்னார்: "இன்னும் இல்ல சார்."

வெளியில் எங்களுக்கு அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கேள்வி தாங்காமல் உள்ளே எவனோ செத்துவிட்டான் என்று யாரோ கத்த, பாதிப் பேர் ஓட, மீதிப் பேர் பார்க்கிறேன் என்று கேட்டின் மேல் ஏறினார்கள். வாட்ச்மேன் விசில் ஊதி ஊதி ஓய்ந்தார். அப்போது அண்ணன் வெளியே வந்து கையைத் தூக்கினார்.

"ஒண்ணுமில்ல தம்பிகளா. எங்க அத்ததான். உக்காருங்கய்யா."

"ஏலே, போஸ்டர் அண்ணே!" என்றது கூட்டம். அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். செத்தும் பிழைத்த அந்த முகத்தைத் தெரியாதவர் அங்கே யாருமில்லை.

மேனேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிளார்க் வேலைக்கு நீங்க சரிப்பட மாட்டீங்க. நாளையிலேர்ந்து கேட் ஆபீஸுக்கு வந்துடுங்க" என்றார்.

தையில் கல்யாணம். அண்ணன் மஞ்சள் தடவிய பத்திரிகையை மேனேஜருக்குக் கொடுத்தார். இந்தத் தடவை மேனேஜர் உஷாராகிவிட்டார். பிரிக்காமலே விண்ணப்பங்களோடு சேர்த்துவிட்டார். முகூர்த்தம் முடிந்த மறுநாள் மில்லிலிருந்து கார்டு வந்தது: 'தற்போது காலியிடம் இல்லை.' அதை யாரோ வாசித்துக் காட்ட, அத்தை சொன்னார்: "எம் மக வந்துட்டாள்ல, இனிமே எப்படிக் காலி இருக்கும்?"

அடுத்த வருஷம் அதே மில்லுக்கு மறுபடியும் இன்டர்வியூ போனேன். மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "போகலாம்" என்றார். சர்டிபிகேட்டுகளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டில் அண்ணன் பானையிலிருந்து ஒரு டம்ளர் மோர் மொண்டு கொடுத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதில் சொன்னார்:

"தம்பி, உன் கையெழுத்த மேனேஜரு ரெண்டு தடவ திருப்பிப் பாத்தாருய்யா. யாரு இந்தப் பையன்னு கேட்டாரு."

எனக்கு மோர் அமிர்தமாக இறங்கியது. தலைநிமிர்ந்து பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் இருந்தவனும் என்னைப் போலவே தேறாதவன்தான். ஆனால் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். என்னவென்று கேட்டேன்.

"வேலை போனாப் போகுது. என் கையெழுத்த மேனேஜரு ரெண்டு தடவ பாத்தாராம்" என்றான்.

"எனக்கும் அதான் சொன்னாக!" என்றது பின் சீட்டு. அதற்குப் பின்னாலிருந்தும் ஒரு குரல். அன்று அந்தப் பஸ்ஸில் கையெழுத்து நன்றாக இல்லாதவர் கண்டக்டர் ஒருவர்தான்.

பொய் என்று தெரிந்துபோயிற்று. ஆனாலும் பஸ்ஸில் ஒருவர்கூட அழுத முகத்தோடு ஊர் போய்ச் சேரவில்லை. வரிசையில் ஒருவனாக நின்று நின்று அலுத்த மனுஷன், கேட்டைத் தாண்டிப் போன ஒவ்வொருவனையும் ஒரு நாளாவது தனியாகத் தெரிய வைத்தார். அதற்காக அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிறகு எனக்கும் திருச்சுழியில் ஒரு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, இந்த மாதிரி எழுதவும் ஆரம்பித்தேன். என் கையெழுத்து சுமார்தான். ஆனாலும் பத்திரிகைக்கு அனுப்பும் ஒவ்வொரு தாளையும் நிறுத்தி, நிதானமாக, அழகாகவே எழுதுகிறேன். ரெண்டு தடவை திருப்பிப் பார்ப்பார்கள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.