மேல் வீட்டு டாங்கி

"மேல் வீட்டு டாக்டருக்குத்தான் எவ்வளவு பொறுமை" என்று தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே மனைவி சொன்னபோது, கண்ணாடிக்காரரின் வாய்க்குப் போன கவளம் பாதி வழியில் நின்றுவிட்டது.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க ஊரார் கண்ணெதிரே லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா" என்று கேட்பதே அவர் பிழைப்பு. தன் வீட்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கிட்டப்பார்வை. மேல் வீட்டில் இருப்பவர் பல் டாக்டர். ஆள் உயரம். தலையில் முடி அப்படியே இருந்தது. இரண்டையுமே கண்ணாடிக்காரரால் மன்னிக்க முடியவில்லை.

"அவர் பொறுமையை நீ எங்கே பார்த்தே?"

"தண்ணி கேனைத் தூக்கிட்டுப் படியேறினேன். ஒரு வார்த்தை பேசாம வாங்கிட்டு வந்து வெச்சுட்டுப் போனாரு."

"ஏன், நான் தூக்க மாட்டேனா?"

"தூக்குவீங்க. அதுக்கு முன்னாடி எப்படித் தூக்கணும்னு எனக்குப் பாடம் எடுப்பீங்க. கார் ஓட்டக் கத்துக் குடுங்கன்னு கேட்டப்பவும் அதானே நடந்துது? கதவைச் சாத்தறது எப்படிங்கிற பாடத்தோட நின்னுபோச்சு."

"கதவையே நீ ஓங்கிச் சாத்தறே. உன் கையில ஸ்டியரிங்கைக் குடுத்தா ரோடு தாங்குமா?"

மனைவி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சண்டையைப் பாதியில் விட்டுப் போனால் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் நினைப்பெல்லாம் டாக்டர் மேல் இருந்தது.

பொறாமை பல்வலி மாதிரி. வேலையில் இருக்கும்போது மறந்திருக்கும், படுத்தால் விண்விண் என்று தெறிக்கும். அதற்கும் மருந்து அந்த ஆளிடம்தான் இருக்கிறது என்பது கூடுதல் வயிற்றெரிச்சல். புரண்டு புரண்டு படுத்தவருக்கு விடியும்போது ஒரு ஞானம் பிறந்தது. டாக்டருக்கு உயரம் இருக்கலாம், முடி இருக்கலாம். டாங்கி ஓட்டத் தெரியுமா?

கல்லூரி நாளில் கம்ப்யூட்டர் டாங்கிச் சண்டையில் இவர் சூரப்புலி. குறைந்தபட்சம் இவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பாழடைந்த ஊர், சந்து பொந்துகள், இரண்டு டாங்கிகள். ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் தேடிச் சுட வேண்டும். அந்த டிஸ்க் இன்னும் பரணில் இருந்தது. மனைவி கண்ணெதிரே ஆடி அவளை அசத்துவது, பிறகு அந்த டாக்டரையும் வரவழைத்துத் தூள் தூளாக்குவது என்று அவர் திட்டம் போட்டார்.

பரணிலிருந்து ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் இறங்கியது. கடையில் ஓய்வு பெற்று, போன மாசமே வீட்டுக்கு வந்திருந்த இன்னொன்று அதோடு சேர்ந்தது. ஒன்று ஹாலில், ஒன்று உள் அறையில். இரண்டிலும் ஆட்டத்தை ஏற்றினார். ஏறியது. ஆனால் ஒன்றின் கண்ணுக்கு இன்னொன்று தெரியவில்லை. சொத்துத் தகராறில் ஒரே வீட்டுக்குள் பேசாமல் திரியும் பங்காளிகள் மாதிரி இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. வைரஸ் காவலை அணைத்தார். வயரைப் பிடுங்கிச் சொருகினார். மோடத்தை அணைத்து, அதன் தலையில் ரெண்டு தட்டு தட்டி, மறுபடி போட்டார். ஒன்றும் மசியவில்லை.

டீ கொண்டுவந்த மனைவி உள் அறைத் திரையை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே நெட்டுல இருந்தாத்தானே ஒண்ணையொண்ணு பார்க்கும்?"

"ஒரே வீட்டுல இருக்கு. வேற எந்த நெட்டுல இருக்கும்?"

"இது டாக்டர் வீட்டு வைஃபைல இருக்குங்க."

கண்ணாடிக்காரர் டீயைக் கீழே வைத்தார். "என்னது?"

"போன மாசம் நம்ம நெட் போச்சே. நீங்க இந்தக் கம்ப்யூட்டரைக் கடையிலேருந்து கொண்டுவந்து போட்ட அன்னிக்கு. என் ஆபீஸ் வேலை நிக்குதேன்னு அவர் பாஸ்வேர்டைக் குடுத்தாரு. அதையே இன்னும் பிடிச்சுட்டிருக்கு."

"பாஸ்வேர்டைக் குடுத்தாரா? உங்கிட்டயா?"

"மோடத்துகிட்டயா குடுப்பாரு?"

அவள் ரெண்டு தட்டு தட்டினாள். கீபோர்டில்தான். அடுத்த நொடி பங்காளிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆட்டம் ஓடியது. கண்ணாடிக்காரருக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. தன் வீட்டு உள் அறை ஒரு மாசமாக அடுத்தவன் காற்றை வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறதே என்று மோடத்தை முறைத்தார்.

அன்றைக்கு மனைவியோடு ஆடினார். ஜெயித்தார். ஜெயித்த பிறகு அவள் எங்கெங்கே தப்பு செய்தாள் என்று விளக்கினார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் கும்பிடு போட்டாள்.

"எனக்கு இது சரிப்படலைங்க. டாக்டருக்கு இந்த ஆட்டம்னா உயிராம், அவங்க வீட்டம்மா சொன்னாங்க. நம்ம பாஸ்வேர்டைக் குடுத்தா மேலேருந்தே ஆடுவாரு. அவர் நமக்குக் குடுத்தப்ப நாமளும் குடுக்கிறதுதானே மரியாதை?"

வலையை விரிப்பதற்கு முன்பே மீன் வந்து, குழம்பு எப்போது என்று கேட்கிறதே என்று கண்ணாடிக்காரர் பூரித்துப்போனார். பாஸ்வேர்டைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் இருட்டும் முன்பே கடையை மூடிவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தார். ஆட்டக்காரர் பட்டியலில் 'டாக்டர்' என்று ஒரு பெயர் காத்திருந்தது. உள் அறைக் கதவைச் சாத்திவிட்டு மனைவி செருப்பை மாட்டினாள்.

"டாக்டர் வீட்டம்மாவோட கொஞ்சம் வெளியில போயிட்டு வரேன். நீங்க ஆடுங்க."

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் போயிட்டு வா" என்றார் கண்ணாடிக்காரர். டாக்டர் இங்கே திரையில். டாக்டர் மனைவி வெளியே, தன் மனைவியோடு. இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு உலகத்தில் உண்டா?

முதல் சந்திலேயே அவருடைய டாங்கி வெடித்தது. இரண்டாவது முறை மதில் ஓரம் பதுங்கினார். மதிலோடு சேர்த்து வெடித்தது. அன்றைக்கு ஒரு முறைகூட அவரால் ஜெயிக்க முடியவில்லை. ஆட்டத்தில் பேச்சு எழுதி அனுப்ப ஒரு பெட்டி இருந்தது. 'பல்லு பிடுங்கற கையா இது?' என்று எழுதினார். பதில் இல்லை. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று எழுதினார். அதற்கும் இல்லை.

மனைவி திரும்பி வந்ததும் பொரிந்து தள்ளினார். "என்ன திமிர் பார்த்தியா? ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான்."

"அவர் சுபாவமே அப்படிங்க. அதிகம் பேச மாட்டாரு" என்றாள் மனைவி. முகம் வியர்த்து, கன்னம் சிவந்து, என்றைக்கும் இல்லாத அழகாக இருந்தாள். நடைப்பயிற்சி உடம்புக்கு நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

இப்படியே தினமும் நடந்தது. தோற்பது வலித்தது. ஆனால் விட மனசில்லை. இந்த ஆள் என்னைச் சுட்டுக்கொண்டிருக்கும் வரை என் மனைவிக்குக் கேன் தூக்க மாட்டான் அல்லவா? அடி வாங்குவது நான், கட்டிப்போட்டிருப்பது அவனை. இந்தக் கணக்கில் அவருக்கு ஒரு திருப்தி. டாக்டருக்கு டீ குடிக்கக்கூட நேரம் கொடுக்காமல் ஆட்டத்துக்கு மேல் ஆட்டமாக இழுத்தார். டாக்டரும் சளைக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.

ஒரு காலையில் படியில் டாக்டர் எதிரே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், உங்க பெரிய மனசு யாருக்கும் வராது. வேற யாரா இருந்தாலும் இப்படி விட்டுக் குடுக்க மாட்டாங்க."

கண்ணாடிக்காரருக்கு ரத்தம் கொதித்தது. ஜெயித்ததும் இல்லாமல், நான் விட்டுக் கொடுத்ததாக நக்கல் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னிக்கும் வாங்க, பார்த்துக்கலாம்" என்றார்.

"கண்டிப்பா. இன்னிக்குத்தானே முக்கியமான நாள்" என்று டாக்டர் சிரித்தார். பல் வரிசை மகா ஒழுங்கு.

அன்றைக்குக் கண்ணாடிக்காரர் உயிரைக் கொடுத்து ஆடினார். டாக்டரின் டாங்கியை ஒரு முட்டுச்சந்தில் மடக்கியே விட்டார். விரல் பொத்தான் மேல் இருந்தது. அப்போது வாசல் பக்கம் ஒரு ஹாரன் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

டாக்டரின் கார் கேட்டுக்குள் அலுங்காமல் நுழைந்துகொண்டிருந்தது. முன்னால் ஒட்டியிருந்த சிவப்பு 'எல்' எழுத்தில் பாதி கிழிந்து தொங்கியது. பின் சீட்டில் டாக்டர் மனைவி கை தட்டிக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் டாக்டர், மடியில் கை கோத்து, அதே பொறுமையோடு உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் கண்ணாடிக்காரரின் மனைவி கையில் இருந்தது.

அவர் முதுகுக்குப் பின்னால் டாங்கி வெடித்தது. திரும்பினால், டாக்டர் சுட்டுவிட்டிருந்தார்.

கண்ணாடிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி இரண்டையும் பார்த்தார். பிறகு போய் உள் அறைக் கதவைத் தள்ளினார். காலி நாற்காலி. அதன் முன்னால் கடைக் கம்ப்யூட்டர். மவுஸ் மேல் யார் கையும் இல்லை. திரையில் 'டாக்டர்' என்று பெயர் எழுதிய டாங்கி தானாகவே அடுத்த சந்தில் திரும்பி அவரைத் தேடிக்கொண்டிருந்தது.

மனைவி உள்ளே வந்தாள்.

"லைசென்ஸ் டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டேங்க. முதல் தடவையிலேயே."

"அந்த ஆளா உனக்குக் கத்துக் குடுத்தான்?"

"உங்ககிட்டதான் முதல்ல கேட்டேன். அவர்கிட்ட, எங்க வீட்டுக்காரர்தான் அனுப்பிச்சாருன்னு சொன்னேன். நீங்க ரொம்ப நல்லவர்னு அவருக்கு மரியாதை. அதைக் கெடுத்துடாதீங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்களும் வந்து பின் சீட்டுல உட்காருவீங்க. நீங்க பின்னாடி உட்கார்ந்து பேசினா, ஓட்டுறவங்க யாரா இருந்தாலும் மரத்துல போய் முட்டுவாங்க."

கோபப்படலாமா என்று கண்ணாடிக்காரர் யோசித்தார். அதற்குள் இன்னொரு எண்ணம் குளிர்ச்சியாக உள்ளே இறங்கியது.

"அப்போ இத்தனை நாளா என்னைத் தோற்கடிச்சது டாக்டர் இல்லையா?"

"அவருக்குக் கம்ப்யூட்டர்ல ஆடவே தெரியாதுங்க. ஆளு இல்லேன்னா கம்ப்யூட்டரே ஆடற மாதிரி வைக்கலாம்னு அந்த ஆட்டத்துல இருந்துச்சு. நான் பேர் மட்டும் எழுதினேன்."

கண்ணாடிக்காரரின் நெஞ்சு நிமிர்ந்தது. மிஷினிடம் தோற்பதில் என்ன கேவலம்? அதற்குத் தூக்கம் இல்லை, டீ இல்லை, பொண்டாட்டி இல்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

"அதானே பார்த்தேன். மனுஷன் எவனாலயும் அப்படி ஆட முடியாது. இருக்கறதுலயே பெரிய கஷ்டமா வெச்சிருந்தே போல."

மனைவி ஆணியில் மாட்டியிருந்த அவருடைய கார் சாவியை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டாள்.

"நாலு விதமா இருந்துச்சுங்க. நீங்க மனசு ஒடஞ்சு எழுந்து வந்துடக் கூடாதேன்னு, அடியில 'சின்னக் குழந்தைகளுக்கு'ன்னு இருந்ததைத்தான் வெச்சேன்."