127 டிகிரியில் ஜில்லென்றிருந்த பெட்டி

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் சௌக்கியம். கம்ப்யூட்டரின் சௌக்கியம்தான் கொஞ்சம் இழுபறியாக இருந்தது. போனில் சொன்னால் "மாமா, கடைசியா என்னாச்சு, அதை மட்டும் சொல்லுங்க" என்பாய். அதனால்தான் கடிதம்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று காட்டும் மென்பொருள் ஒன்று இருப்பதாகப் படித்து, கை சும்மா இருக்காமல் அதை இறக்கினேன். திறந்ததும் மதர்போர்டில் ஏதோ ஒரு சென்சாருக்கு நேரே சிவப்பாக 127 டிகிரி! தண்ணீரே நூறில் கொதித்துவிடுமே. உன் அத்தையோ ஆறுகளைப் பற்றி வருடக்கணக்காக எழுதும் புத்தகத்தை அதே பெட்டியில் அடித்துக்கொண்டிருந்தாள். "எழுந்திரு, வெடிக்கப் போவுது!" என்றேன். "இந்த ஆறு கடல்ல போய்ச் சேரட்டும், எழுந்திரிக்கிறேன்" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். "ஆறு பாதி வழியிலயே வத்திப்போச்சு" என்றவள் அப்புறம் என்னோடு பேசவில்லை.

பக்கவாட்டு மூடியைக் கழற்றித் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கிறது! பிளக்கைத் திரும்பச் சொருகி ஓடவிட்டு, சுவரில் தொங்கும் வெப்பமானியை உள்ளே வைத்தேன், அறைச் சூடுதான். அப்படியானால் புளுகுவது யார்? சாட்சிக்கு இன்னொரு மென்பொருளை இறக்கினேன். அது அதே இடத்தில் மைனஸ் 55 என்றது. ஒன்று எரிமலை என்கிறது, மற்றது பனிமலை என்கிறது, இரண்டிலும் எண்கள் தவளை மாதிரி குதிக்கின்றன. எனக்குப் பயம் போய் ஆர்வம் பிடித்துக்கொண்டது. ரிப்பேர் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"சார், ரெண்டையும் சேர்த்து ஓட்டாதீங்க. ரெண்டு பேரும் ஒரே சென்சாரைப் போட்டுக் குடைஞ்சா அது உளறத்தான் செய்யும். ஒண்ணை மூடுங்க. அப்புறம் ஸ்டார்ட் ஆகும்போது, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி பயாஸ்னு ஒரு திரை இருக்கும், அதுல என்ன காட்டுதுன்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். பிராசசர் 38 டிகிரி, சமர்த்தாக இருக்கிறது. அந்த 127 சென்சார் பட்டியலிலேயே இல்லை!

"அந்த இடத்துல சென்சாரே இருக்காது சார். மென்பொருள் காலி இடத்தைப் படிச்சு, வாய்க்கு வந்ததைச் சொல்லுது. அந்த வரியை மறைச்சு வெச்சுட்டுப் போங்க" என்றார். ஆளே இல்லாத வீட்டில் காய்ச்சல் என்று நான் ஓடியிருக்கிறேன்! இந்த ஆனந்தத்தில் உள்ளே இருந்த தூசியையெல்லாம் துடைத்து மூடினேன். உன் அத்தையும் பேச ஆரம்பித்துவிட்டாள். இனி எந்த எண்ணும் என்னை மிரட்ட முடியாது.

நீயும் என் மகனும் நோய்நொடியில்லாமல், குறைந்தபட்சம் தினம் ஒரு வேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசியுடன்,

உன் மாமா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மென்பொருள் "விசிறி வேகம் 0" என்றது. "இதுவும் புளுகு" என்று உன் அத்தையிடம் சிரித்தேன். சற்று நேரத்தில் பெட்டி நிஜமாகவே சூடேறித் தானாக அணைந்தது. தூசி துடைக்கக் கழற்றிய விசிறி வயரை நான் திரும்பச் சொருகவே இல்லையாம். புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் அத்தை தினமும் உனக்கு ஒரு நகல் அனுப்பிவிடுகிறாளாமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இப்போது வயரைச் சொருகி, மூடியை அவளே திருகிக்கொண்டிருக்கிறாள். ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டேன். தர மாட்டாளாம்.