துலாக்கோலும் கைப்பாவையும்

நடுநிலைமை என்பது கல்யாணம் ஆகாதவனுக்கு மட்டுமே கட்டுப்படியாகிற குணம். இந்த ஞானம் எனக்கு வந்தது பெண் பார்க்கப் போன வீட்டில், வாயில் பாதி வடை இருக்கும்போது.

அப்போது எனக்குக் கண்டியில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். பஸ்ஸில் மற்றவர்கள் தூங்குவார்கள், சிலர் பாட்டுக் கேட்பார்கள். நான் கலைக்களஞ்சியம் திருத்துவேன். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் இருக்கிறதே, அதன் தமிழ்ப் பதிப்பு. சம்பளமில்லாத வேலை. (சம்பளம் தந்த வேலையில் நான் இதில் பாதி அக்கறை காட்டியிருந்தால் இந்நேரம் பங்குதாரர் ஆகியிருப்பேன்.) அங்கே பலரும் புனைபெயரில்தான் எழுதுவோம். என் பெயர் துலாக்கோல். பெயரைக் கேட்டதுமே ஆளின் இலட்சணம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

எந்தக் கட்டுரையும் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பது அங்கே விதி. மற்றவர்களுக்கு அது விதி, எனக்கு வியாதி. "எழில்மிகு கண்டி வாவி" என்று யாரோ எழுதியதில் எழிலை எடுத்தவன் நான்தான். ஓர் ஊரில் "அன்பான மக்கள்" வாழ்வதாக இருந்தது; அன்பை நீக்கிவிட்டு மக்களை மட்டும் விட்டுவைத்தேன். வீட்டில் அம்மா குழம்பு எப்படி என்று கேட்டால், "ருசியா இருக்குன்னு ஒரு தரப்பு சொல்லலாம்" என்பேன். அம்மா கரண்டியைத் தூக்கியதும் மறுதரப்பும் அதையே சொல்லிவிடும்.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த எதிரியின் பெயர் உண்மைவிளம்பி. பிலிமத்தலாவை பற்றிய கட்டுரையில் அவர் ஒரு வசனத்தைச் சேர்த்திருந்தார்: "மாமனிதர் ராமையா அவர்கள் தமது சொந்தப் பணத்தில் எழுப்பிய, கண்டி – கொழும்பு வீதியிலேயே ஒப்பற்ற, எந்த மழைக்கும் ஒழுகாத பஸ் தரிப்பிடம் இங்கே இருந்தது." நான் மாமனிதரை நீக்கினேன். அவர் திரும்பப் போட்டார். ஒப்பற்றதை நீக்கினேன். திரும்பப் போட்டார். அச்சில் வந்த ஆதாரம் ஏதும் உண்டா என்று கேட்டேன். இல்லை. அப்படியானால் முழு வசனமும் போகவேண்டியதுதான் என்று தூக்கிவிட்டேன். மறுநாள் காலை பஸ் கம்பளையைத் தாண்டுவதற்குள் வசனம் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது.

கட்டுரைக்குப் பின்னால் பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு, எழுதுகிறவர்கள் சண்டை போடுவதற்கென்றே. அங்கே அவர் கேட்டார்: "நீர் ஒரு நாளாவது மழையில் நனைந்து பஸ்ஸுக்கு நின்றதுண்டா?" நான் எழுதினேன்: "என் நனைதல் இங்கே ஆதாரமாகாது." அதோடு விட்டேனா? "அதை உங்கள் சொந்தத் தகப்பனாரே கட்டியிருந்தாலும் இதுதான் பதில்" என்று ஒரு வரியையும் சேர்த்தேன். பஸ்ஸில் அந்த வரியை நானே பலமுறை வாசித்து ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே காலத்தில் எனக்கு வாசுகியைப் பிடித்திருந்தது. கண்டியில் கணினி வகுப்பொன்றில் அறிமுகம், ஆசிரியை, சொந்த ஊர் பிலிமத்தலாவை. (ஆமாம். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.) "அப்பா முன்ன மாதிரி இல்ல. எந்நேரமும் போன்ல யாரோடயோ சண்டை போட்டுக்கிட்டே இருக்கார்" என்று ஒருமுறை கவலைப்பட்டாள். வயதானவர்கள் அப்படித்தான், நாம்தான் பொறுத்துப்போக வேண்டும் என்று பெரிய மனிதன் மாதிரி ஆறுதல் சொன்னேன்.

விஷயத்தை வாசுகி வீட்டில் சொல்லி, அவள் அப்பா வரச்சொல்லி, நானும் அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். முன்னால் ஹார்ட்வெயார் கடை, பின்னால் வீடு. அப்பா வேலாயுதம் ஐயா கனத்த மனிதர், அளந்துதான் பேசுவார்.

"வாங்க, உக்காருங்க. சொத்துபத்து ஒண்ணும் நான் கேக்கல தம்பி. ஒளிச்சு மறைச்சுப் பேசுறவன் மட்டும் இந்த வீட்டுக்கு வேணாம். அது ஒண்ணுதான்."

எனக்கு அதில் பயமே இல்லை. நேர்மைதானே என் தொழில். நிம்மதியாக ஒரு வடையை எடுத்துக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். மாலை போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வேட்டி கட்டிய ஒருவர் ஒரு பஸ் தரிப்பிடத்தின் முன்னால் நின்றிருந்தார். கூரைக்குக் கீழே பெயர்ப்பலகை. அதில் ராமையா என்று இருந்தது.

வடை தொண்டைக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிட்டது.

"எங்கப்பா" என்றார் வேலாயுதம் ஐயா. "ரோட்ட அகலமாக்குறப்ப இடிச்சிட்டாங்க. ஒரு கல்லு மிஞ்சல. கம்பியூட்டர்லயாவது நிக்கட்டும்னு எழுதிப்போட்டா, துலாக்கோல்னு ஒரு நாசமாப்போனவன் வந்து வந்து அழிக்கிறான். எங்கப்பனையே இழுத்துப் பேசிட்டான் தம்பி."

தேத்தண்ணித் தட்டோடு வந்த வாசுகி நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்கு என் புனைபெயர் தெரியும். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை நான் யாரிடமும் விவரித்ததில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். மேசையில் இருந்த என் போன் அதிர்ந்தது. அவள் செய்திதான்; சொல்லிவிடுங்கள் என்றிருக்கும் என்பதைத் திறக்காமலே என்னால் வாசிக்க முடிந்தது.

அம்மாவுக்கு மட்டும் எதுவும் தெரியாது. மகனின் பெருமையைச் சொல்ல நல்ல நேரம் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "எம் புள்ளையும் அதுலதாங்க எழுதுறான். சோறு தண்ணி இல்லாம எழுதுவான்."

வேலாயுதம் ஐயாவின் முகம் மலர்ந்தது. "அப்ப நல்லதாப் போச்சு. அந்த ஆளுக்கு ஒரு பதில் எழுதிக் குடுங்க தம்பி. இப்பவே." தன் போனை என் கையில் வைத்தார். வீட்டின் வைஃபை கடவுச்சொல்லைத் தானே என் போனிலும் போட்டுத் தந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் "நாசமாப்போனவன்" என்ற சொல் அந்த அறையில் இன்னும் சூடாக இருந்தது.

அவருடைய கணக்கில், அவருக்காக, எனக்கு எதிராக எழுதினேன். மாமனிதரையும் ஒப்பற்றதையும் நாமே விட்டுவிடுவோம், "ராமையா கட்டிய பஸ் தரிப்பிடம் இங்கு இருந்தது" என்று மட்டும் நிற்கட்டும், இடிக்கப்பட்டவற்றுக்கு அச்சில் ஆதாரம் கிடைப்பது அரிது என்று விதிகளைக் காட்டி எழுதினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு எதிராக அதுவரை யாரும் அத்தனை அழகாக வாதாடியதில்லை. பிறகு கை கழுவ வேண்டும் என்று சொல்லிப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே தண்ணீர்த் தொட்டியடியில் நின்று, என் போனில், துலாக்கோலாக மாறி, "தங்கள் வாதத்தை ஏற்கிறேன்" என்று பதில் போட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார். "பணிஞ்சிட்டான்" என்றார். "எத்தன மாசமா என் உயிர எடுத்தவன். ஒரே பதில்ல பணிஞ்சிட்டான், மாப்பிள்ளை."

தம்பி மாப்பிள்ளை ஆகிவிட்டான். அம்மாவின் கண்ணில் தண்ணீர். கதவோரம் நின்ற வாசுகியின் கண்ணில் அது இல்லை. புறப்படும்போது மெதுவாகச் சொன்னாள்: "நான் காட்டிக்குடுக்க மாட்டேன். ஆனா நீங்களே அப்பாகிட்ட சொல்லணும். சொல்லாம தாலி எடுத்துக்கிட்டு வராதீங்க."

சொல்லத்தான் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வசனம் யோசித்து, ஒவ்வொரு நாளும் பேராதனைப் பாலத்தில் தைரியம் போய்விடும். அதற்குள் கலைக்களஞ்சியம் முந்திக்கொண்டது. அங்கே நிர்வாகிகள் உண்டு. ஒரே ஆள் இரண்டு பெயரில் எழுதினால் பிடிப்பார்கள்; அந்த இரண்டாவது பெயரைக் கைப்பாவை என்பார்கள். இப்படி எத்தனையோ பேரை நானே பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரே வீட்டு இணைப்பிலிருந்து, அடுத்தடுத்து, ஒரே நடையில் இரண்டு பேர் எழுதினால் என்ன ஆகும் என்பது தண்ணீர்த் தொட்டியடியில் எனக்கு ஞாபகம் வரவில்லை. பேச்சுப் பக்கத்தில் அறிவிப்பு வந்திருந்தது:

"ஒரே வீட்டு இணைப்பிலிருந்து எழுதியிருப்பதால், உண்மைவிளம்பி என்பவர் துலாக்கோலின் கைப்பாவை எனத் தெரிகிறது. தன்னோடு தானே சண்டையிட்டு, இறுதியில் தனக்குத் தானே ஒப்புதலும் அளித்துள்ளார். அந்த ஒப்புதல் செல்லாது; இரு கணக்குகளும் தடைசெய்யப்படுகின்றன."

வேலாயுதம் ஐயா அலுவலக நேரத்திலேயே எனக்குப் போன் எடுத்தார். "மாப்பிள்ளை, என்னைய அவனோட பொம்மைன்னு எழுதியிருக்கானுங்க. கடைக்கு வர்றவங்க முகத்த எப்படிப் பாக்கிறது?" ஒரே வீட்டிலிருந்து எழுதியதாகச் சொல்கிறார்களே என்று அவரே துப்பறியவும் தொடங்கியிருந்தார். "அப்படின்னா அன்னிக்கு அவன் எங்க வீட்டுக்கு வந்திருக்கான். வெளியாள் வேற யாரும் வரல. நீங்களும் உங்க அம்மாவும்தான்." குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. உங்க அம்மாவுக்குக் கம்பியூட்டர் தெரியுமா?"

அப்போதும் நான் சொல்லவில்லை. தெரியாது என்று மட்டும் சொன்னேன். (எனக்காக என் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய நேர்மையாளன்.)

தடைசெய்த நிர்வாகி அலவத்துகொடையில் மிளகு வியாபாரம் செய்யும் இல்யாஸ் நானா. (நானா என்றால் அண்ணன்.) நாங்கள் உண்மையாகவே இரண்டு பேர் என்று அவருக்கு மன்றாடி எழுதினேன். வருகிற ஞாயிறு பிலிமத்தலாவைக்கு வருகிறேன், இருவரும் ஒன்றாக நின்று காட்டினால் தடையை எடுக்கிறேன் என்று பதில் வந்தது. அதை வேலாயுதம் ஐயாவிடம் சொன்னதும் அவர் மகிழ்ந்துபோனார். "அப்ப அந்தத் துலாக்கோலும் வருவானா? வரட்டும்" என்றார்.

ஞாயிறன்று முடிவெடுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தேன், இல்யாஸ் நானா வருவதற்குள் சொல்லிவிடுவது என்று. அவர் எனக்கு முன்பே வந்து, பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். உள் வாசலில் வாசுகியும் அவள் அம்மாவும்.

"முதலாளி உண்மைவிளம்பி, அது வெளங்கிட்டு" என்றார் இல்யாஸ் நானா. "மத்த ஆள் யாரு?"

வேலாயுதம் ஐயா தெருவை எட்டிப் பார்த்தார். நான் கையை உயர்த்தினேன். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாதவன் உயர்த்துவானே, அந்த உயரத்துக்கு.

அவருக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கியபின் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அமைதியாகக் கேட்டார்: "எங்கப்பன இழுத்து எழுதினது நீங்கதானா?"

"ஆமாங்க."

"எழுதிட்டு, எங்க வீட்டு வடையச் சாப்பிட்டீங்க."

"ஆமாங்க."

இல்யாஸ் நானா நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "ஆள் ரெண்டு தான் ஈக்கி, எனக்கு அது போதும். அந்த பஸ் தரிப்பிடத்துல நானும் சின்ன வயசுல மழைக்கு நிண்டீக்கிறேன் முதலாளி. ஒழுகவே ஒழுகாது."

வேலாயுதம் ஐயா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கேட்டீங்களா? இதுக்கு மேல என்ன வேணும்? நீங்க அழிச்சத நீங்களே இப்ப திரும்ப எழுதுங்க. எழுதினா எல்லாத்தையும் மறந்துர்றேன். கல்யாணத்தப் பேசுவோம்."

அங்கேதான், என் வாழ்க்கையின் எல்லா நல்ல நேரங்களும் கூடி வந்து நின்ற அந்த இடத்தில்தான், என் வாய் திறந்தது.

"அது முடியாதுங்க. உங்க மருமகனா வரப்போறவன் உங்க அப்பாவைப் பத்தி எழுதக்கூடாது. சொந்தக்காரங்க எழுதினா பக்கச்சார்பு. எழுதணும்னா நான் இந்த வீட்டுச் சம்பந்தத்த விட்டுறணும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. இல்யாஸ் நானா கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "விதிய செல்லப்போனா சரிதான்" என்று முனகினார். வேலாயுதம் ஐயா வாசுகியைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவுமே இப்படித்தான்ப்பா" என்றாள் வாசுகி. "என்னைய அழகுன்னு கூட இன்னும் சொல்லல. ஆனா இப்ப பாருங்க, சும்மா சரின்னு சொன்னா காரியம் நடக்கும்னு தெரிஞ்சும் சொல்லல. பயத்துல ஒளிச்சது தப்புதான். அதுக்கு என்ன வேணும்னாலும் திட்டுங்க."

அவர் திட்டினார். நிதானமாக, நிறைய நேரம், கடையில் வாடிக்கையாளர் வந்தால் நிறுத்தி, அனுப்பிவிட்டுத் தொடர்ந்து திட்டினார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு மூச்சு சீராக வந்தது. வேண்டாதவனை யாரும் அத்தனை நேரம் நிறுத்தி வைத்துத் திட்டமாட்டார்கள்.

வசனத்தை எழுதியவர் கடைசியில் இல்யாஸ் நானா. அவர் ராமையாவுக்குச் சொந்தமில்லையே. ஊரைப் பற்றிய ஒரு பழைய நூலை எங்கேயோ தேடிப்பிடித்து, "ராமையா என்பவர் கட்டிய பஸ் தரிப்பிடம் ஒன்று இங்கு இருந்தது" என்று போட்டார். "மாமனிதர்" இல்லை, "அவர்கள்" கூட இல்லை. வேலாயுதம் ஐயா, இப்போது என் மாமா, அதைக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் காட்டுகிறார். நான் அந்தக் கட்டுரையைத் தொடுவதில்லை. இன்னும் கொஞ்சம் நன்றாக எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அந்த உரிமையைக் கொடுத்துத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

எங்கள் தடை நீங்கினாலும், உண்மைவிளம்பி துலாக்கோலின் கைப்பாவை என்று எழுதிய பழைய அறிவிப்பு அப்படியே இருக்கிறது. அங்கே பழைய பேச்சை அழிக்க முடியாது. மாமியார் அதை விடுவதாயில்லை. நானும் மாமாவும் கடையில் உட்கார்ந்திருந்தால் உள்ளேயிருந்து ஒரு தேத்தண்ணிதான் வரும். "கம்பியூட்டர்லயே போட்டிருக்கு, நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். மாமா என்னை ஒரு பார்வை பார்ப்பார். பாதியைக் குடித்துவிட்டு, மீதியை என் பக்கம் தள்ளுவார்.