காதலனாக நடிக்க நான் அனுப்பிய அண்ணன்

பொறாமைப்படப் படிப்பு வேண்டாம். வேண்டுமென்றிருந்தால் நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு அது வந்திருக்கவே கூடாது. மற்றதெல்லாம் நான் உழைத்துச் சம்பாதித்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வெறுங்காலோடு கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து, சுக்கு மூட்டை சுமந்து, முப்பது வயதில் அதே பஜாரில் சொந்தச் சுக்குக் கடை போட்டவன் நான். (என்னை மூட்டை சுமக்க வைத்த முதலாளியே பிறகு என் கடை வாசலில் நின்று சரக்குக் கேட்டார். இதைச் சொல்லாமல் நான் எந்தக் கதையையும் தொடங்குவதில்லை.) பொறாமை மட்டும் கூடவே பிறந்தது.

எழுபதுகளின் கடைசி. எனக்கும் கோமதிக்கும் நிச்சயமாகி மூன்று மாதம். அவள் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவள். வாரம் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போவேன். "சாயா எடுக்கட்டா?" என்பாள். "சுக்கு விலை ஏறியிருக்கு" என்பேன். எங்கள் காதல் அவ்வளவுதான். எனக்கு அது தாராளமாகவே பட்டது, அந்த நாடகம் வரும்வரை.

எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டுவிழா நாடகத்துக்கு வெளியூரிலிருந்து நடிகையை அழைப்பது வழக்கம். அந்த வருஷம் அந்த அம்மாள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட, சங்கச் செயலாளர் கோமதியின் அப்பாவிடம் கேட்டார். அவரும் தலையாட்டிவிட்டார். (என்னிடம் ஒரு வார்த்தை? கிடையாது.) கோமதி தமிழ் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தாள்.

கதாநாயகன் ரகு. பாங்கு குமாஸ்தா. சுருட்டை முடி, சட்டைப் பையில் சீப்பு. நேந்திரங்காய் வறுவல் கொடுக்கிற சாக்கில் ஒத்திகைக்குப் போனேன். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாத உலகத்தில் எனக்குச் சூரியன் எதற்குக் கண்மணி?" என்றான். கோமதி வெட்கப்பட்டாள். என்னைப் பார்த்து ஒருநாளும் படாத வெட்கம்!

இந்த நாடகக் காதலர்களுக்கு வேறு ஜோலியே கிடையாதா? ஒருத்தனும் கடை திறப்பதில்லை, ஒருத்தியும் துணி துவைப்பதில்லை. பார்த்ததும் காதல், நடுவில் அழுகை, கடைசியில் கல்யாணம். இதைக் கேட்டுப் பழகிய காது நாளைக்கு என் சுக்கு விலையைக் கேட்குமா? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே செயலாளரைப் பிடித்தேன். பந்தலும் மைக்செட்டும் என் உபயம் என்பதால் என் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

"ரகு வேண்டாம். கோமதியோட பெரியப்பா மகன் மாடசாமியப் போடுங்க."

"அண்ணாச்சி, அவன் அந்தப் பிள்ளைக்கு அண்ணன் முறையாச்சே! காதல் சீன் இருக்கு."

"அதனாலதாம்வே சொல்லுதேன்!"

காதலிக்க அண்ணனைவிடப் பத்திரமான ஆள் உண்டா? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ரகுவை வசனம் எடுத்துக்கொடுக்கப் பக்கத் தட்டிக்குப் பின்னால் அனுப்பினார்கள். கோமதி மட்டும் அந்த வாரம் சாயா கொடுக்க வரவில்லை.

விழா மாலையில் பட்டுச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். காதல் காட்சியில் மாடசாமி ஆறடி தள்ளி நின்று, டியூப்லைட்டைப் பார்த்து, "சூரியன் எதற்குக் கண்மணி?" என்று கேட்டான். கூட்டம் சிரித்தது. எல்லோரையும்விட நான் அதிகம் சிரித்தேன்.

கடைசிக் காட்சியை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. (கதைநோட்டை வாசித்திருந்தால்தானே!) மணவறை. மாலையும் கழுத்துமாக இருவரும். மைக்கில் கெட்டிமேளம். மாடசாமி கையில் மஞ்சள் கயிறு, அதில் விரலி மஞ்சள். தங்கத்தாலி இல்லாவிட்டால் எங்கள் பக்கம் நிஜக் கல்யாணத்துக்கே அது போதும்.

பெண்கள் பக்கத்திலிருந்து மாடசாமியின் அம்மா எழுந்தாள். "ஏலே மாடசாமி! கீழ போடுலே அத! தங்கச்சி கழுத்துலயால தாலி கெட்டப் போற? ஒனக்கு எவம்லே இந்த வேசத்தக் குடுத்தது?"

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாடசாமி கயிற்றைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்து ஓடினான்.

மாலையோடு மணையில் கோமதி தனியாக இருந்தாள். அடுத்த மாதம் கல்யாணம் ஆகவேண்டிய பெண்! அவள் அம்மா, "அபசகுனம் ஆயிப்போச்சே" என்று அழ ஆரம்பித்தாள். "யாராச்சும் ஏறி சீன முடிங்கப்பா" என்று ஒரு பெரியவர் கத்தினார்.

ரகு தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். முடியைக் கோதிக்கொண்டு!

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. ஒரே தாவு. மேடைக்கு என் உடம்பு வந்துவிட்டது; என் வேட்டி மேடை விளிம்பு ஆணியில் நின்றுவிட்டது. கோடுபோட்ட அண்டர்வேரோடு கயிற்றைப் பொறுக்கிக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

கோமதி மெதுவாகத்தான் பேசினாள். தலைக்குமேல் தொங்கிய என் உபய மைக் அதைப் பஜார் முழுக்கக் கொண்டுபோனது.

"நிங்க கெட்டினா அது நாடகமில்ல, கேட்டோ. என்னை நம்பாம அண்ணனைக் கொண்டுவந்த ஆளுக்கு நான் எதுக்குக் கழுத்து நீட்டணும்? மூணு மாசமா சுக்கு விலையல்லாதே ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா? இப்பப் பேசுங்க. இல்லேன்னா நான் எழுந்திருச்சு போவேன்."

அவள் எழுந்து போனால் நாடகமும் போச்சு, கல்யாணமும் போச்சு. பின்னாலிருந்து ரகு, "நீ இல்லாத உலகத்தில்..." என்று எடுத்துக்கொடுத்தான். (நல்ல மனசுதான், பாவி.) அவன் வசனத்தில் எனக்குப் பெண்டாட்டி வேண்டாம்.

"எனக்கு அந்த மாதிரில்லாம் பேச வராது, கோமதி," என்றேன். "அவன் ஒன் கையத் தொட்டதுல இருந்து எனக்கு வயித்தெரிச்சல். கடையில சரக்கு எட போடும்போதுகூட ஒன் மொகந்தான். தராசு நிக்க மாட்டேங்கு. மன்னிச்சிரு."

பந்தலே அதிர்ந்தது. கோமதி மாலைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். பிறகு தலையைக் குனிந்தாள். மூன்றாவது முடிச்சுப் போட நாத்தனார் இல்லாததால் மூன்றையும் நானே போட்டேன்.

மஞ்சள் கயிறு, மாலை, மேளம், ஊர் சாட்சி, எல்லாம் ஆயிற்று. "இனி எதுக்கு இன்னொரு கல்யாணம்?" என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். எறணாகுளத்தில் பெரிய மண்டபம், யானை, இரட்டை நாதஸ்வரம் என்று நான் ஊரெல்லாம் அளந்தது அளந்ததாகவே நின்றது. சங்கத்துப் போட்டோக்காரர் எடுத்த ஒரே படம்தான் எங்கள் கல்யாணப் படம். அதில் நான் வேட்டியில்லாமல் குனிந்து முடிச்சுப் போடுகிறேன், முகம் தெரியாது. பின்னால் ரகு நேராக நின்று அழகாகச் சிரிக்கிறான்.

அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் ரகுவைக் காட்டி, "அண்ணாச்சி அந்தக் காலத்துல என்ன லட்சணமா இருந்திருக்காரு!" என்பார்கள்.

கோமதி உள்ளேயிருந்தே சொல்வாள்: "ஆமா, ஆமா. சாயா எடுக்கட்டா?" ஒருநாளாவது அது நான் இல்லை என்று திருத்த வேண்டுமே!