நிப்பாட்டுத் தரகர்

திருகோணமலையில் சத்தத்தின் மீது தனியாளாகப் போர் தொடுத்த ஒரே மனிதர் எங்கள் கலியாணத் தரகர்தான். எழுபது தாண்டியவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வணக்கத்துக்கு முன் அவர் வாயில் வருவது "நிப்பாட்டு!" ஃபானை நிப்பாட்டு, டிவியை நிப்பாட்டு, குசினியில் தேங்காய் திருவுவதை நிப்பாட்டு. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததோ தெரியாது.

"காதில ஒரு பிழையுமில்லை தம்பி. ஒராள் தனியக் கதைச்சா ரகசியமும் விளங்கும். நாலு சத்தம் சேர்ந்தாத்தான் எல்லாம் சோறும் கறியும் குழைச்ச மாதிரிப் போகுது. வயசு!" என்பார்.

அப்பா நம்பவில்லை. "கள்ளன். தனக்கு வேண்டியது மட்டும் கேக்கும்."

ஒரு கலியாணத்தில் தாலி கட்டும் நேரம் பெண்ணின் மாமா இவரிடம் ஏதோ கேட்டார். இவர் கையைத் தூக்கி மேளத்தையே நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை தாலியைத் தூக்கியபடி உறைந்து நின்றார். சபை முழுக்க மூச்சடக்கிக் காத்திருக்க, மாமா நெளிந்துகொண்டே மறுபடி கேட்டார்: "இல்லை... சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டனான்."

இப்படிப்பட்டவரிடம்தான் என் தங்கச்சியின் கலியாணத்தை ஒப்படைத்திருந்தோம். ஆறு வருடம். பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஊற்றிய தேத்தண்ணியில் ஒரு கப்பலே மிதக்கும். கதிரை தூக்கித் தூக்கி என் இடுப்பு போய்விட்டது. எவனாவது வந்து கட்டிக்கொண்டு போனால் போதும் என்ற அளவுக்கு வீடே களைத்துவிட்டது.

கடைசியாக ஓர்ஸ் ஹில்லில் ஒரு சம்பந்தம் பொருந்தியது. நாள் குறிப்பதுதான் பாக்கி. அதற்காக மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று பார்த்து எங்கள் வாசலில் றோட்டுக் கிண்டும் மெஷின். தரகர் போய் அதையும் நிப்பாட்டப் பார்த்தார், ஏலவில்லை. "வாங்கோ, வள்ளத்தில போவம்" என்றார். மாப்பிள்ளை, அவர் தாய், அப்பா, தங்கச்சி, நான் எல்லோரும் பட்டும் வேட்டியுமாக ஒரு மீன் வள்ளத்தில் ஏறினோம். உள்துறைமுகத்தின் நடுவில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

அப்பா நாளைப் பற்றி வாயெடுத்தார். தரகர் கையமர்த்தினார்.

"பொறுங்கோ. சத்தத்தில எனக்குக் கதை விளங்காது. அதால எல்லாற்ற வாயையும் பாக்கிறனான். உங்கட வீட்டில ஒவ்வொரு தரமும் இந்தப் பிள்ளை என்னவோ சொல்லுது, எனக்குத்தான் பிடிபடேல்லை. இப்ப சொல்லுங்கோ பிள்ளை."

"எனக்குக் கலியாணமே வேண்டாம் ஐயா" என்றாள் தங்கச்சி. "ஆறு வருஷமாச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன்."

மாப்பிள்ளையின் தாய் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்தார். மாப்பிள்ளை, பாவம், "பறவாயில்லை" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எஞ்சின் மறுபடி முழங்கியது. தரகரின் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல், கடலைப் பார்த்தபடி அப்பா கரை சேரும்வரை கிழி கிழியென்று கிழித்தார். "நீரெல்லாம் ஒரு தரகரோ? இனி என்ர வாசல் மிதிக்கக்கூடாது!" தரகர் சிரித்த முகத்தோடு "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு வந்தார்.

இறங்கியதும் அப்பா விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார். தங்கச்சி கிழவரைக் கைபிடித்து இறக்கினாள்.

"அப்பா என்ன பிள்ளை சொன்னவர்?"

அவள் அவர் காதருகே குனிந்தாள். "நீங்கள் நல்ல மனிசன் எண்டு சொன்னவர்."

கிழவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். நான் திருத்தவில்லை. எனக்கும் அதைத்தான் சொல்ல வேண்டும்போல் இருந்தது.