தாளக் குறை தீர்க்கும் நாள்

ஒருவருடைய குறையை அவர் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது என்பது கோயம்புத்தூரில் எழுதப்படாத சட்டம். சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும், "நல்லாருக்குதுங்க, எனக்குத்தான் நாக்கு சரியில்லீங்க" என்று பழியை நாக்கின் மேல் போட்டுவிட்டு எழுந்து போகிற மரியாதைப்பட்ட ஊர். இந்த மரியாதையால் கெட்டுப் போகவிருந்தவன் மதுக்கரைக் கதிரேசன்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம். டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் அப்துல் முத்தலிப் பாய் நடத்திய கம்ப்யூட்டர் கேம்ஸ் கடையில் அவனுக்கு வேலை. அங்கே அவனே ஒரு ஆட்டம் செய்து வைத்திருந்தான். கிணத்துக்கடவு மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் டேப்பில் பிடித்து வந்த உருமி மேளம் ஓடும். திரையின் மேலிருந்து நாலு திசை அம்புகளும் மாறி மாறி இறங்கும். கீழே இருக்கும் கோட்டில் அம்பு படும்போது அதற்கான பொத்தானை அழுத்தினால் மார்க். எந்த அடிக்கு எந்த அம்பு என்று கோப்பதற்கு லெவல் போடுவது என்று பெயர். கதிரேசன் போட்ட லெவலில் உருமி ஒரு பக்கம் போயிற்று, அம்பு ஒரு பக்கம் போயிற்று. ஆடியவர்கள் எல்லோரும் "அருமைங்க" என்றார்கள். ஒருவரும் மறுபடி ஆடவில்லை.

'யாராவது உள்ளதைச் சொல்ல மாட்டார்களா' என்று அவன் ஏங்கினான். பாயின் மகள் நிதா சொன்னாள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள்.

"ஏனுங்ணா, இந்த அம்பு பொய்ங்ணா."

"பொய்யா?"

"உருமி அடிக்கறதுக்கு முன்னாலயே உளுகுது. உங்க கை ஆசப்பட்ட எடத்துல போட்டிருக்கீங்க. மேளத்தக் கேட்டுப் போடலீங்க."

விமர்சனத்துக்கு ஏங்கியவனுக்கு அது கிடைத்ததும் சோறு இறங்கவில்லை. டைப் அடிக்கிறவளுக்கு உருமியைப் பற்றி என்ன தெரியும் என்று பஸ்ஸில் மதுக்கரை வரைக்கும் பொருமிக்கொண்டே போனான். மறுநாள் கேட்டுப் பார்த்தான். பொய்தான். திருத்தினான். "இப்ப நெரிசலா இருக்குதுங்ணா, மூச்சு விட எடமில்ல" என்றாள். மறுபடி பொருமினான், மறுபடி திருத்தினான். மழைக்காலம் முடிவதற்குள் அவன் லெவலில் விரல் வைத்தால் உருமியே உள்ளங்கையில் ஏறுவது போலிருந்தது. அன்றைக்குக் கதிரேசனுக்கு அழுகையே வந்துவிட்டது. தனக்கு ஒரு வேலை தெரியும் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது.

கெட்டது அங்கேதான். லெவல் உண்மையானதும் வாடிக்கையாளர்கள் தோற்க ஆரம்பித்தார்கள். தோற்றவர்கள் "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்து, இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு ஈரோட்டு மஞ்சள் வியாபாரி பீர் முகம்மது போன் செய்தார். அவர் அங்கே புதிதாக ஒரு கேம்ஸ் கடை திறக்கவிருந்தார். "பொங்கலுக்கு வாரேன், பாய். ஒருத்தரும் கொறை சொல்லாத லெவலா இருந்தா, அந்தத் தம்பிக்கு எங்க கடைல லெவல் போடற வேலையே குடுத்துடறேன்."

கதிரேசனுக்குத் தலைகால் புரியவில்லை. நாள் முழுக்க லெவல் போட்டு அதற்குச் சம்பளமும் வாங்குவதை விடப் பெரிய வாழ்வு எதையும் அவன் யோசித்ததில்லை.

"கொறை சொல்லாத லெவல் வேற, கொறை இல்லாத லெவல் வேறங்ணா" என்றாள் நிதா. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாய் உடனே தாளக் குறை தீர்க்கும் குழுவை அமைத்தார். தலைவர் திருமலைசாமி, தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றவர். கடையில் ஏசி இருந்ததால் தினமும் வருவார். பொத்தானைத் தொட்டதில்லை, ஆகவே நடுநிலையானவர். நேரில் சொல்லக் கூசுகிறவர்கள் திங்கட்கிழமை தோறும் மனுவாகக் கொடுக்கலாம் என்று அறிவித்தார். ஊரே வரிசையில் நின்றது.

"தம்பி, வலது அம்பு அதிகமா வருது. இடது அம்புக்குப் பிரதிநிதித்துவம் போதல" என்றார் திருமலைசாமி, முதல் மனுவைப் படித்துவிட்டு.

"உருமி அப்படித்தானுங்கய்யா அடிக்குது."

"உருமிக்கு விதி தெரியுமா? சரிபாதியாப் பிரிச்சுப்போடு."

பிரித்துப் போட்டான். அடுத்த திங்கட்கிழமை வாஸ்து வந்தது. நன்றாக இருந்த வாசலை இடித்து மூலையில் வைத்துக்கொண்டு ஊரே முட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. கீழ் அம்பு தெற்கைக் காட்டுகிறது, தெற்கு எமன் திசை என்று மனு. கீழ் அம்பு ஒழிக்கப்பட்டது. பிறகு மூத்த குடிமக்கள் சார்பில் ஒரு மனு. அதன் மேல், "அம்புதான் வாடிக்கையாளருக்காகக் காத்திருக்க வேண்டுமேயன்றி, வாடிக்கையாளர் அம்புக்காக அல்ல" என்று ஆணை பிறந்தது. அம்புகள் கோட்டருகே வந்து கைகட்டி நின்றன. கடைசியில், அழுத்த மறந்தவர்களுக்கு அநீதி இழைக்கப்படுவதாக ஒரு மனு.

"மேளத்தக் கேட்டாங்கல்ல? அதுவே பங்கேற்புதான்" என்றார் திருமலைசாமி. "முழு மார்க் போட்டுடு, கண்ணு."

கதிரேசன் போட்டான். ஈரோடு கண் முன்னால் நின்றது. எல்லோரும் நூற்றுக்கு நூறு. எதிர்க்கடை காலியாயிற்று. மனு வருவதும் நின்றது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு புதுச் சிக்கல். எல்லோரும் நூறு என்றால் முதலிடம் யாருக்கு? தகராறு முற்றியது. குழு கூடி ஆராய்ந்து, முதன்முதலில் கடைக்கு வந்த தேதிப்படி சீனியாரிட்டி என்று தீர்த்தது. பட்டியல் சுவரில் ஏறியது. ஆடாமலே திருமலைசாமி முதலிடம். கூட்டம் இன்னும் பெருகியது. யாரும் ஆடவில்லை, அவரவர் இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கதிரேசனும் காலையில் கடை திறந்ததும் முதலில் அதில் தன் இடத்தைத்தான் பார்த்தான். தனக்கு மேலே இருந்த ஒருவர் ஊரை விட்டுப் போய்ப் பெயர் அடிக்கப்பட்டால் அன்று முழுக்க அவன் முகம் மலர்ந்திருக்கும்.

பொங்கலுக்கு மறுநாள் பீர் முகம்மது வந்தார். உட்கார்ந்தார், பொத்தானைத் தேடுவதற்குள் நூறு வாங்கினார். அகமகிழ்ந்து போனார்.

"தம்பி, நாளைக்கே ஈரோட்டுக்குக் கெளம்பு. எத்தன லெவல் வேணாலும் போடு, உன் இஷ்டம்."

கதிரேசன் சுவரைப் பார்த்தான்.

"வரலாமுங்க. ஆனா, அங்க வந்தா இங்க இருக்கற சீனியாரிட்டி போயிருமுங்களே."

பீர் முகம்மது யோசித்தார். பிறகு அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"அதுவும் நாயந்தான். போனா வருமா?" என்றவர் திருமலைசாமி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஏனுங், ஈரோட்டுக்காரன் பேரையும் இதுல ஏத்துவீங்களா? இன்னைக்குத் தேதி போட்டு?"

நிதா பின்மூலைக் கம்ப்யூட்டரில், குழு கை வைக்காத பழைய லெவலைத் தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"ஏனுங்ணா, இதுல கடைசியில ஒரு அம்பு இன்னும் துளி பிந்தி உளுகுது. அத மட்டும் சரி பண்ணிட்டா இது அசல் உருமிங்ணா. வாரீங்களா?"

கதிரேசன் பட்டியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திங்கக்கெழம மனுவா எழுதிக் குடுங்க, அம்மணி."